ஒரே மேசை, இரண்டு வயது: வீட்டுப் படிப்பு வாரம் எங்கே சிக்கிக்கொள்கிறது?

வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் வாரம் திங்கட்கிழமை நன்றாகத்தான் தொடங்கும். புதன்கிழமைக்குள் ஏதோ ஒன்று சிக்கிக்கொள்ளும். உடனே புத்தகத்தைக் குறை சொல்வோம், இல்லாவிட்டால் "இவனுக்குக் கவனமே இல்லை" என்று பிள்ளையைக் குறை சொல்வோம். என் மூத்தவளுக்கு 10 வயது, சின்னவனுக்கு 6. இருவரையும் ஒரே மேசையில் வைத்துச் சொல்லித்தந்ததில் எனக்கு உறுதியாகப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. சொல்லித்தர ஒரு ஆள், கற்க இரண்டு பேர் என்றால், யாராவது ஒருவர் எப்போதும் காத்துக்கொண்டுதான் இருப்பார். வீட்டுப் படிப்பில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் அந்தக் காத்திருப்பிலிருந்தே முளைக்கின்றன. பிள்ளை யாருக்காக, எதற்காக, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எதைச் சரிசெய்வது என்பதும் தெரிந்துவிடும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் இப்போது எது நடக்கிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு சோதனைகளை மட்டும் செய்துவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை

ஒன்று, தூக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரம் இல்லாத வீட்டில் படுக்கும் நேரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். மூன்று நாள் அப்படிப் போயிருந்தால் கீழே உள்ள எந்த வழியும் பலிக்காது. முதலில் தூக்கத்தைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

இரண்டு, காத்திருப்புத் தாள். ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் பெரியவருக்கு, இன்னொரு பக்கம் சின்னவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக யாராவது வந்து நின்றாலோ கூப்பிட்டாலோ அவர் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். பக்கத்திலேயே எதற்காக என்று ஒரு சொல்: பென்சில், சந்தேகம், முடிந்தது. ஒரே ஒரு நாள் போதும். எனக்கு முதல் நாளில் சின்னவன் பக்கம் 14 கோடு, மூத்தவள் பக்கம் 3. "அவள் பரவாயில்லை, இவன்தான் பிரச்சினை" என்று அதைப் படித்தேன். அப்படிப் படித்தது தவறு. ஏன் என்பதைக் கடைசி அறிகுறியில் சொல்கிறேன்.

அறிகுறி: பெரியவரோடு உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே சின்னவர் வந்து நிற்கிறார்

எல்லா வீட்டிலும் முதலில் வருவது இதுதான். என் சின்னவன் பென்சிலைக் கொண்டுவந்து என் முழங்கைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்பான். பேச மாட்டான். வாங்கிப் பார்த்தால் முனை கூராகத்தான் இருக்கும். அவனுக்குப் பென்சில் சீவ வேண்டியதில்லை, நான்தான் வேண்டியிருந்தது.

முதல் கேள்வி: அவருக்குக் கொடுத்த வேலையை, நீங்கள் அந்த அறையிலேயே இல்லாவிட்டாலும், அவரால் தொடங்கி முடிக்க முடியுமா? முடியாது என்றால் வேலையை மாற்றுங்கள். தனியாகச் செய்யும் வேலை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த வேலையாக இருக்க வேண்டும். புதிய எழுத்து, புதிய வகைக் கணக்கு, "இதை நீயே படித்துப் பார்" என்பதெல்லாம் உங்களோடு செய்ய வேண்டியவை. நாம் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறோம். சின்னவருக்குப் புதிய பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் பெரியவரிடம் போய்விடுகிறோம். இரண்டு நிமிடத்தில் அவர் வந்து நிற்பது நியாயம்தான்.

இரண்டாவது கேள்வி: யாரிடம் முதலில் உட்கார்ந்தீர்கள்? சின்னவரிடமிருந்து தொடங்குங்கள். முழுசாக 15 நிமிடம் அவரோடு மட்டும் இருந்துவிட்டு, தெரிந்த வேலையைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள். வயிறு நிறைந்த பிள்ளை போல அவரால் கொஞ்ச நேரம் பொறுத்திருக்க முடியும்.

மூன்றாவது, காத்திருப்புக்கு ஒரு முடிவு கண்ணுக்குத் தெரிகிறதா? "கொஞ்சம் இரு" என்பது 6 வயதுக்கு அளவே இல்லாத நேரம். மணல் கடிகாரமோ, மேசையில் வைத்த டைமரோ இருந்தால் அதே 15 நிமிடத்துக்கு ஒரு கரை தெரியும். டைமர் அடித்ததும் நீங்கள் எழுந்து போயே ஆக வேண்டும். ஒருமுறை ஏமாற்றினாலும் அதன் பிறகு அதை நம்ப மாட்டார்.

இத்தனைக்குப் பிறகும் வந்தால், பேச வேண்டாம். அவர் உங்கள் கையின் மேல் தன் கையை வைக்கட்டும், நீங்கள் உங்கள் மறு கையை அதன் மேல் வையுங்கள். "நீ வந்தது தெரியும், இதோ வருகிறேன்" என்று அதற்குப் பொருள் என முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் பல தடவை அதோடு திரும்பிப் போய்விடுவான்.

சீவிய பென்சில் மூன்று, அழிப்பான் ஒன்று, பக்கத்தில் அடையாளச் சீட்டு வைத்த புத்தகம் ஆகியவற்றைக் காலையிலேயே அவர் இடத்தில் வைத்துவிடுங்கள். என் தாளில் இருந்த 14 கோட்டில் 6 இதனாலேயே காணாமல் போனது.

உங்களுக்கும் ஒரு விதி உண்டு. ஐந்து நிமிடம் இவர், ஐந்து நிமிடம் அவர் என்று தாவாதீர்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால், மனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009-இல் ஆய்வு செய்து காட்டினார். அவர் பார்த்தது பெரியவர்களின் வேலையை. ஆனால் பின்னத்திலிருந்து எழுத்துக்கும் எழுத்திலிருந்து பின்னத்துக்கும் ஓடும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

அறிகுறி: சின்னவரைக் கேட்டால் பெரியவர் பதில் சொல்கிறார்

பெரியவரைக் கண்டிப்பதற்கு முன் உங்களையே கவனியுங்கள். கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? 1970-களில் மேரி பட் ரோ வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை 3 விநாடிக்கு நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது. வீட்டில் அந்த 3 விநாடி மௌனம் வந்தவுடன் பெரியவர் அதை நிரப்பிவிடுகிறார். அதனால் மனத்துக்குள் மெதுவாக 5 வரை எண்ணுங்கள். அந்த நேரத்தில் பெரியவருக்குக் கண்ணால் ஒரு சைகை போதும்.

அப்புறம், அவருடைய ஆசைக்கு ஒரு வழி விடுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்து, மூத்த மாணவர்களையே சின்னவர்களுக்குக் கற்றுத்தர வைத்தார். 1797-இல் அதை லண்டனில் நூலாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையும் இதே ஏற்பாடுதான். ஆக, ஒரு ஆசிரியர், பல வயது என்ற சிக்கல் பழையது. அதற்குக் கிடைத்த விடையும் பழையது.

ஆனால் வீட்டில் இதற்கு எல்லை வேண்டும். ஒரு நாளைக்கு 10 நிமிடம், அதுவும் பெரியவர் எப்போதோ கற்று முடித்த பாடத்தில் மட்டும். அவர் வேலை கேள்வி கேட்பது, விடை சொல்வது அல்ல. அதைத் தாண்டினால் அவரைச் சம்பளமில்லாத ஆசிரியை ஆக்கிவிடுவோம். தம்பியின் தப்புக்கு அக்கா பொறுப்பாகிவிடக் கூடாது.

அறிகுறி: கணக்கு முறை தெரிகிறது, விடை மட்டும் தப்பு

தப்பான விடையின் மேல் குறுக்குக் கோடு போடுவதற்கு முன், அந்தத் தப்பு எப்படி வந்தது என்று ஒருமுறை செய்து பாருங்கள். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து 1978-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணினி நிரலில் வரும் பிழையைப் போலத்தான் இதுவும் என்றார்கள். பிள்ளை கவனக்குறைவாக எழுதியதாகத் தோன்றும், ஆனால் உண்மையில் தவறான ஒரு விதியை மிகக் கவனமாகப் பின்பற்றியிருக்கும். அதைப் படித்த பிறகு நான் நோட்டைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

மூத்தவளின் நோட்டில் இருந்தவை இவை: 403-இலிருந்து 167 போனால் 336. 502-இலிருந்து 248 போனால் 354. 600-இலிருந்து 371 போனால் 329. இரண்டு பக்கம் முழுக்க இப்படி. சரியான விடைகள் 236, 254, 229. எல்லாவற்றிலும் சரியாக 100 கூடுதல்! கவனக்குறைவு இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

அவள் செய்தது இது. 403-இல் 3-இலிருந்து 7 போகாது, கடன் வாங்க வேண்டும். பக்கத்தில் 0. "பூஜ்யம் இருந்தால் அதை 9 ஆக்கு" என்று அவளுக்கு நினைவிருந்தது. ஆக்கினாள். ஆனால் அந்த 9 நூறுகளின் இடத்திலிருந்துதான் வந்தது என்பது நினைவில்லை. அதனால் 4 அப்படியே நின்றுவிட்டது.

விடை 364 என்று வந்திருந்தால் பிழை வேறு. அங்கே பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கும்: 7-இல் 3, 6-இல் 0, 4-இல் 1. அந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்குவது என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். 336 எழுதிய பிள்ளைக்கு அது வேண்டியதில்லை.

336-க்குச் சரிசெய்யும் வழி: குச்சிகளோ தாள்துண்டுகளோ எடுத்து, நூறு என்று எழுதிய கட்டு 4, ஒற்றைக் குச்சி 3 வையுங்கள். 7 ஒற்றை கேளுங்கள். பிள்ளை தேடட்டும். பத்துக்கட்டு இல்லை, நூறு கட்டைப் பிரித்தால்தான் உண்டு. பிரித்தால் பத்துக்கட்டு 10. அதில் ஒன்றை உடைத்தால் மீதி 9. கையில் இப்போது 3 நூறு, 9 பத்து, 13 ஒற்றை. அந்த 9 எங்கிருந்து வந்தது என்று விரல்கள் பார்த்துவிடும். பிறகு தாளில் இன்னொரு பார்வையும் சொல்லித்தரலாம்: 403 என்பது 40 பத்தும் 3 ஒன்றும். ஒரு பத்தைக் கடன் கொடுத்தால் 39 பத்து. 40 என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு 39 என்று எழுதினால் போதும், எதையும் மறக்க வழியில்லை. மூத்தவளுக்கு இதுதான் பிடித்தது.

மூன்று கணக்கு போதும். மூன்றும் சரியாக வந்தால் பழைய இரண்டு பக்கத்தையும் மறுபடி போடச் சொல்லாதீர்கள்.

அறிகுறி: சின்னவர் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறார்

"பட்டம்" என்று இருக்கும், "பட்டு" என்று வாசிப்பார். படத்தை மூடிவிட்டு, பொருளே இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டுங்கள்: "கொமுடே" மாதிரி. அதை எழுத்தெழுத்தாகச் சரியாக வாசித்துவிட்டால் எழுத்து தெரியும், அவசரம் மட்டும்தான். விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கச் சொன்னால் சில நாளில் அடங்கும். தடுமாறினால் எந்தக் குறியில் என்று பாருங்கள். பெரும்பாலும் கெ, கே, கை, கொ, கோ வரிசையாக இருக்கும். காரணம் இருக்கிறது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ இரண்டிலும் குறி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக வாசிக்கப் புதிதாகப் பழகிய கண்ணுக்கு இது உண்மையிலேயே குழப்பம். மெய்யைக் கறுப்பிலும் குறியைச் சிவப்பிலும் எழுதி, "சிவப்பைப் பார், கறுப்பைப் பிடி, சேர்த்துச் சொல்" என்று ஒரு நாளைக்கு 10 நிமிடம் செய்யுங்கள். 247 எழுத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், குறிகள் இவை பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் தானாக வரும்.

அறிகுறி: செவ்வாயன்று தெரிந்தது வெள்ளியன்று தெரியவில்லை

மறதி முதல் சில மணி நேரங்களில்தான் மிக வேகம், பிறகு மெல்ல மெல்ல அடங்குகிறது என்று ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதினார். ஆகவே இது பிள்ளையின் குறை இல்லை. மறுபடி படிக்க வைப்பதும் அவ்வளவாக உதவாது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்களைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் முதல் குழு முன்னே இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நினைவிலிருந்து எழுதிய குழு முன்னே.

வீட்டில் இதைச் செய்வது சுலபம். காலையில் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு வெற்றுத்தாள், 5 நிமிடம். பெரியவர் நேற்றும் முந்தாநாளும் கற்றதை நினைவிலிருந்து எழுதட்டும், சின்னவர் வரையட்டும் அல்லது வாயால் சொல்லட்டும். புத்தகம் மூடியே இருக்கட்டும். இரண்டு வயதுக்கும் ஒரே நேரத்தில் நடக்கும் பாடம் என்பதால், இதில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அறிகுறி: "அவனுக்கு மட்டும் ஏன் கொஞ்சம்?"

விளக்கம் சொல்லிப் பயனில்லை, சொல்லிப் பார்த்திருக்கிறேன். பெரியவருக்கு வேலை கூடும்போது உரிமையும் கூடட்டும். எதை முதலில் செய்வது, எங்கே உட்காருவது, எப்போது இடைவேளை என்பதை அவரே முடிவு செய்யட்டும். புகார் பெரும்பாலும் நின்றுவிடும்.

அறிகுறி: புதன்கிழமை எல்லாமே நின்றுவிடுகிறது

அட்டவணையை எடுத்து ஒரு நாளில் எத்தனை தனிப் பாடம் என்று எண்ணுங்கள். இரண்டு பிள்ளை, ஆளுக்கு ஐந்து பாடம் என்றால் உங்களுக்குப் பத்து. யாராலும் தாங்க முடியாது. படிநிலையாக ஏற வேண்டிய கணக்கும் வாசிப்பு-எழுத்தும் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். அறிவியல், வரலாறு, கதை வாசித்தல் எல்லாம் சேர்ந்தே நடக்கலாம். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் திறந்த முதல் பள்ளியிலேயே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

பொருள் ஒன்று, செய்வது வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் பஞ்சில் ஒரு விதையை முளைக்க வையுங்கள். சின்னவர் தினமும் அதை வரையட்டும். பெரியவர் வேரின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து வரைபடம் போடட்டும். நீங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்படியும் நின்றால், ஐந்து நாளுக்கு நான்கு நாள் பாடம் மட்டும் திட்டமிடுங்கள். காய்ச்சலும் விருந்தாளியும் அந்த மீதி நாளைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: உங்கள் குரல் ஏறுகிறது

அந்தப் பாடத்தை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடுவதால் ஒரு நாள்தான் போகும்.

அறிகுறி: எந்தச் சிக்கலும் இல்லை, பெரியவர் அமைதியாக இருக்கிறார்

எல்லாவற்றிலும் இதைத்தான் தாமதமாகக் கண்டுபிடிப்போம், ஏனென்றால் இதில் சத்தமே வராது.

அந்த இரண்டு பக்கக் கழித்தல் ஒரே நாளில் போட்டது இல்லை, மூன்று நாள் வேலை. இரண்டாவது கணக்கிலேயே சந்தேகம் வந்ததாக மூத்தவள் பிறகு சொன்னாள். "அப்பவே ஏன்டா கேக்கல?" என்றேன். "நீ தம்பிகூட இருந்தேம்மா" என்றாள். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை, சும்மா விவரம் சொல்வது போலத்தான் சொன்னாள். அது எனக்கு இன்னும் மனத்தில் இருக்கிறது.

காத்திருப்புத் தாளில் அவள் பக்கம் இருந்த 3 கோடு, அவள் என்னைக் கூப்பிட்ட தடவைகள் மட்டும்தான். கூப்பிடாமல் காத்திருந்ததற்கு நான் கோடே போடவில்லை. சின்னவன் காத்திருந்தால் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். பெரியவள் காத்திருந்தால் தப்பாகவாவது முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவாள்.

கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள்: கேள்வி கேட்பது குறைந்திருக்கும், வேலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடியும், நோட்டில் அழித்து எழுதிய தடமே இருக்காது. மூன்றில் இரண்டு இருந்தால் அன்றைக்கே நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

சரிசெய்ய நாங்கள் செய்தவை இவை. அவள் மேசையில் வெற்றுச் சீட்டுகள் வைத்தேன். சந்தேகம் வந்தால் கணக்கின் எண்ணை மட்டும் சீட்டில் எழுதிவிட்டு, அதைத் தாண்டி அடுத்த கணக்குக்குப் போகலாம். டைமர் அடித்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான், "அப்புறம்" என்பதே கிடையாது. புதிய வகைக் கணக்கென்றால் முதல் மூன்றைப் பார்த்துவிட்டுத்தான் அவளைத் தனியாக விடுகிறேன். அப்புறம், இரவில் சின்னவன் தூங்கிய பிறகு 20 நிமிடம் அவளுக்கு மட்டும். அதில் பாடம் இல்லை, அவள் என்ன பேசினாலும் சரி. முதல் இரண்டு நாள் அவள் ஒன்றுமே பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு சீட்டை எடுத்து வந்தாள். அதில் கணக்கின் எண் இல்லை. "நாளைக்கு என்கிட்ட முதல்ல உட்காருவியா?" என்று எழுதியிருந்தது. மறுநாள் அவளிடமிருந்து தொடங்கினோம், சின்னவனுக்கு மணல் கடிகாரத்தை இரண்டு தடவை திருப்பி வைக்க வேண்டியிருந்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் அந்த வரிசைதான்.